பீடத்தில் நின்றவள்

அம்மாவின் தம்பி ஓவியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். பூச்சாடி, வாழைப்பழம் என்று நல்ல பிள்ளைகள் வரைவதையெல்லாம் மாமா வரையமாட்டார். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கித்தானைச் சாத்திவைத்து மாதா கோயிலை வரைந்தார். தூண், வளைவு, வண்ணக் கண்ணாடி எல்லாம் அச்சு அசலாக எங்கள் கோயில்தான். ஆனால் மாதா நிற்க வேண்டிய பீடத்தில் வேப்பிலை மாலையும் சூலமுமாக ஒருத்தி நின்றாள். உடம்பெல்லாம் அம்மை முத்து. ஐயோ, அந்தக் கண்கள்! எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பார்க்கும். நான் அலறிக்கொண்டு ஓடி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

படம் காய்வதற்குள் அக்காவுக்குப் பெரியம்மை போட்டது. அவள்தான் பீடத்தைவிட்டு இறங்கி வந்துவிட்டாள் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அடுத்தது நான்தான் என்று போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தேன்.

அக்கா கண் திறக்கவில்லை. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு சாமியார் வருகிறார் என்றதும் அப்பா படத்தைக் காட்டி மாமாவிடம் கத்தினார்.

"சாமியாரு வந்துகினுகீறாரு. இத்தப் பாத்தா நம்மளக் கோயில்ல சேப்பாரா? எடுத்துகினு போய்க் கொளுத்துடா!"

மாமா படத்தைத் தூக்கினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஞாயிறு பூசை தவறாத, ஜெபமாலையைக் கையைவிட்டு இறக்காத அம்மாதான் குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா எறங்கிகீற வூட்ல தாளிக்கவே கூடாது. நெருப்பு வெக்கச் சொல்றியே, நீ மன்சனா? எம் பொண்ணு எனக்கு வோணும்!"

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். சாமியார் வந்தார். அக்காவுக்கு எண்ணெய் பூசினார். போகும்போது, என்ன இது என்று கித்தானைத் திருப்பினார். படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மூத்தவன் அம்மையில போன அன்னிக்கு நீ இப்படித்தாம்மா பாத்துக்கிட்டிருந்தே" என்றார். பழையபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அம்மா படத்தை நேராக்கி, மிச்ச வேப்பிலையை அதன் சட்டத்தில் செருகினாள். நான் மட்டும் அந்தக் கண்களுக்குப் பயந்து அம்மாவின் மடிக்கு ஓடிக்கொண்டேயிருந்தேன். மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அங்கேயும் அதே கண்கள்தான் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.