மதரஸாவில் ஏற்றாத விளக்கு

கைதட்டல் கேட்டுவிட்டால் எனக்கு நாக்கு நிற்காது. வாழையிலை மண்டியில் நாள் முழுக்கக் கத்தி விலை பேசுகிறவனுக்கு, ஞாயிறு மாலை வாசகர் வட்டக் கூட்டம் ஒரு போதை. அன்றைக்குத் தலைப்பு, பொதுவாழ்வில் மதத்துக்கு இடம் உண்டா என்பது. எதிரணியில் பேசிய ஓய்வுபெற்ற வாத்தியார் முஸ்லிம்களைப் பற்றி, "அவங்க வேற, நாம வேற. சும்மா ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரியாதிய" என்று முடித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எழுந்து வெள்ளக் கதையைச் சொன்னேன். ஆறு ஊருக்குள் புகுந்தபோது ஏரல் பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு கூரை வரை முங்கிவிட்டது. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா மாடியில் நானும் என் மனைவியும் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்களும் மூன்று நாள் கிடந்தோம். மதரஸா பொறுப்பாளரான பாய் சோறு, போர்வை, என் மனைவிக்கு மாற்றுச் சேலை எல்லாம் தந்தார். இதுவரை நிஜம். கூட்டம் கண் கலங்கிக் கேட்டது. இன்னும் கொஞ்சம் கலங்கட்டுமே என்று ஒன்றைச் சேர்த்தேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரி வெளக்கேத்தணும்னா. அந்த பாய்தான் தீக்குச்சி கிழிச்சு ஏத்தி வச்சாரு!" மண்டபம் அதிர்ந்தது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

யாரோ அதைப் போனில் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். என் மனைவி பார்த்துவிட்டு, "நான் எங்க வெளக்கேத்துனேன்? அவரு வேண்டாம்னுல்லா சொன்னாரு" என்றாள்.

"நல்ல காரியத்துக்குத்தான சொன்னேன்" என்றேன்.

"புளுகுல என்ன நல்ல புளுகு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் சொன்னதுதான் சரி. "மதினி, தப்பா நினைக்காதிய. இங்கன வெளக்கேத்தக் கூடாது" என்று பாய் சொன்னார். இவளும் சரிண்ணே என்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை பாய் மண்டிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நானும் குரலை ஏற்றத் தயாராக இருந்தேன். அவர் பைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நேத்து ஜும்மா முடிஞ்சு ஜமாத்துல கேக்காங்க, மதரஸாவுல வெளக்கேத்துனியான்னு. அடுத்த வெள்ளிக்குச் சொல்லுதேன்னு வந்துட்டேன். ஏத்தலைன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிரும். ஏத்துனேன்னா பொய்யும் ஆச்சு, என் பொறுப்பும் போச்சு. என்ன சொல்லட்டும்?"

ஊரார் முன்னால் என்னைப் பொய்யனாக்க மனம் வராமல் ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். "ஏத்தலைன்னு சொல்லிரும் பாய். நாளைக்கு நானும் சொல்லுதேன்" என்றேன்.

அன்று மாலை எங்கள் அணி நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தடுத்தார். "சும்மா கிடயும் வே. அவரு பாட்டுக்கு மறுத்துட்டுப் போகட்டும். நாம ஒத்துக்கிட்டா, இவனுவ சொல்லுத கதை எல்லாம் இப்படித்தான்னு ஆயிராதா?" அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜமாத் போனில் வந்த படத்தைத்தான் நம்பும். ஒற்றுமையைக் காப்பாற்ற அந்த ஒற்றை மனிதரைக் கைவிட வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை.

ஞாயிறன்று எழுந்து நின்றேன். "விளக்கு ஏற்றவில்லை. கூடாது என்று பாய் சொன்னார். கைதட்டலுக்காகப் பொய் சொன்னேன்" என்றேன்.

வாத்தியார் கேட்டார்: "அப்போ வேற வேறதான?"

"வேறதான் சார். வேறயா இருந்துக்கிட்டேதான் மூணு நாளும் சோறு போட்டாரு."

ஒரு கை தட்டவில்லை. வாத்தியார் மேலும் குத்தியிருக்கலாம். நல்ல மனுஷன், குத்தவில்லை. "போன வாரமே இதைச் சொல்லியிருந்தா எனக்குப் பதில் இருந்திருக்காது வே" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெள்ளி மதியம் பாய் போன் செய்தார். ஜமாத்தில் நடந்ததைச் சொன்னார். பொறுப்பு அவரிடமே இருக்கிறதாம். போனை வைக்கப் போனவர் இதையும் சொன்னார்:

"மதினிகிட்ட வேண்டாம்னு சொன்னேம்லா, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி. வீடே போயி நிக்காங்க, அவங்ககிட்ட இதையும் வேண்டாம்னுட்டமேன்னு. ஆனா சரின்னும் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க."

நான் அந்த மதரஸாவில் நாலடி தள்ளித்தான் இருந்தேன். அவர் சாப்பிடாததைப் பார்க்கவில்லை. இதை ஒரு வார்த்தை கூட்டாமல், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.