ஈஸ்டர் கழிந்தும் முடியாத லெந்து

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முதலில் மூக்குக்குத்தான் வரும். கண் விழிப்பதற்கு முன்பே, பாதித் தூக்கத்தில், ஆட்டுக்கறி மெல்ல வேகிற வாசம் போர்வைக்குள் நுழைந்துவிடும். மல்லியும் மிளகும் வறுத்து அரைத்த வாசம். அதற்குப் பின்னால்தான் கோயில் மணி கேட்கும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். எல்லா வீட்டுக் குக்கரும் விசிலடித்து ஓய்ந்த பிறகு வெள்ளையும் சொள்ளையுமாக ஆராதனைக்குக் கிளம்புவோம். பிரசங்கத்தின் நடுவே என் மாமியார் கண்ணை மூடினால் ஜெபம் என்று நினைத்துவிடக்கூடாது. கறிக்கு உப்புப் போட்டோமா என்று யோசிக்கிறார்.

நான் அந்த வாசத்துக்குப் பிறந்தவள் இல்லை. திருநெல்வேலி டவுணில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முட்டை என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொல்லும் சைவ வீட்டில் பிறந்தவள். கூடப் படித்தவரைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். வந்த வேகத்தில் மீன்குழம்பும் பழகிவிட்டது. நடுவே தாமிரபரணி ஓடுகிறது, அவ்வளவுதான். டவுண் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது.

ஆனால் அப்பாவுக்கு அந்த ஆற்றுப் பாலம் ரொம்ப நீளம். பேத்தி பிறந்ததும் கோபம் எல்லாம் தணிந்து, அம்மாவோடு வந்து பார்க்கத் தொடங்கினார். முன்னறை நாற்காலியின் நுனியில் உட்காருவார். பேத்தி கையில் அல்வாப் பொட்டலத்தைக் கொடுப்பார். "இப்பதான் சாப்பிட்டோம்" என்பார். காலை, மதியம், சாயங்காலம், எப்போது வந்தாலும் அவர்கள் இப்போதுதான் சாப்பிட்டிருப்பார்கள். கறி வேகிற வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போன ஐப்பசி மழையில் அம்மா இறந்தாள். அப்பா தனியானார். ஜவுளிக்கடையில் ஆயுசு முழுக்கச் சேலை மடித்த கைக்குத் தோசைக்கரண்டி பிடிபடவில்லை. ஆபீஸ் விட்டுப் போய், அவர் வீட்டு அடுப்பிலேயே ஏதாவது செய்து வைத்துவிட்டு வருவேன். அடுத்த முறை போகும்போது அது அப்படியே பூஞ்சை பிடித்து இருக்கும். தை மாதத்தில் ஒரு சாயங்காலம், விளக்குப் போடாத கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளிலிருந்து சரிந்து கிடந்தது.

"என்னப்பா சாப்பிட்டீங்க?"

"பன்னு."

"நேத்து?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நேத்தும் பன்னுதான்னு நெனைக்கேன்."

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இவரை இப்படியே விட்டால் அடுத்த மழைக்கு இருக்க மாட்டார் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் யோசிக்கவே இல்லை. "மாமாவ இங்கன கூட்டிட்டு வந்துருவோம்" என்றார். நல்ல மனிதர். அந்த நல்ல மனம் மட்டன் சுக்காவை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

"வருவாங்க. வந்து பட்டினி கெடப்பாங்க" என்றேன்.

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் என் மகள்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்ப இனிமே நாம எல்லாரும் வெண்டைக்காயாம்மா?"

"இயேசு சாமியே மீன் சுட்டுத் தின்னவருதான்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் அது தீர்ப்பு. ஆனால் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தூங்காமல் யோசித்திருக்கிறார் போல. மறுநாள் காபி குடிக்கும்போது வழியையும் அவரே சொன்னார். "லெந்து வருது. எப்படியும் ஈஸ்டர் வரைக்கும் நம்ம வீட்டுல கவிச்சி கெடையாது. அதுக்குள்ள நாக்கு பழகுதான்னு பாப்போம். பழகலைன்னா ஈஸ்டர் அன்னைக்குப் பேசிக்கிடுவோம்."

லெந்து என்று நாங்கள் சொல்லும், ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களை வருஷா வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிற வீடு எங்களுடையது. இந்த முறை பல்லைக் கடிக்காமல் இருக்கப் பழக வேண்டும். அதுவரை தினமும் நானே போய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வந்தேன். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனன்று மாமியார் தன் கறிச்சட்டியைத் தங்கைக்குக் கொடுத்தனுப்பினார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். நான் ஃபிரிட்ஜை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக அதற்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தன.

என் பாடுதான் பரிதாபம். சைவத்தில் பிறந்தவளுக்குச் சைவச் சமையல் மறந்துபோயிருந்தது. அதைவிட மோசம், எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் மீன்குழம்புக்கு நாக்கு அரித்தது. முதலில் வைத்த சொதி திரிந்துவிட்டது. சொதி என்பது தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு இஞ்சிப் பச்சடியோடு சாப்பிடுகிற குழம்பு. டவுண் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து. எங்கள் கல்யாணத்துக்கு அப்படி ஒரு மறுநாள் வாய்க்கவில்லை. அதனால் என் கணவருக்குச் சொதி என்றால் என்னவென்றே தெரியாது. கொதிக்கும்போதே எலுமிச்சை பிழிந்து தொலைத்த அந்த முதல் சொதியை அவர் மரியாதையாகச் சாப்பிட்டார்.

"எல்லாம் வெள்ளையாவே இருக்கு. ஆஸ்பத்திரியில படுத்திருக்க மாதிரி இருக்கு" என்றார் மாமியார்.

"முட்டையாவது உண்டுமா? முட்டை சைவம்தான்" என்றாள் மகள். அவளிடம் அதற்கு ஏழெட்டுக் காரணங்கள் இருந்தன. எல்லாமே நல்ல காரணங்கள்.

இரண்டாம் முறை வைத்தபோது அவசரப்படவில்லை. கெட்டிப்பால் ஊற்றிய பிறகு சொதி கொதிக்கக்கூடாது. விளிம்பில் மட்டும் லேசாக நடுங்கும். அப்போது அடுப்பை அணைக்க வேண்டும். ஜன்னல் வழியாக வந்த வெயில் ஆவிக்குள் புகுந்து நின்றது. இஞ்சியும் தேங்காயும் கலந்த அந்த வாசத்தில் நின்றபோது நான் எந்த அடுப்பின் முன்னால் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எனக்கு எத்தனை வயது? யாரோ பின்னால் நின்று "போதும், எறக்கு" என்று சொல்லப்போவதுபோல இருந்தது. மகள் வந்து உசுப்பும்வரை அப்படியே நின்றேன்.

அன்றைக்கு மாமியார் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். வெள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வந்தன. கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்தேன். முருங்கைக்காய்க்கு என்னோடு போட்டி போட ஆள் வந்தது. ஆனாலும் எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொன்னால் பொய். என் கணவருக்குக் கங்கைகொண்டானில் வேலை. திரும்பி வரும் நாலுவழிச் சாலையில் பரோட்டாக் கடைகள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும். சில நாட்கள் வாயில் ஏலக்காயோடு வீட்டுக்கு வந்தார். ஏலக்காய் தின்கிற ஆளே இல்லை அவர். ஒரு தோசையோடு எழுந்து "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பார்.

"சால்னா காரமோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

திருட்டுப் பூனை மாதிரி முழித்தார். பிறகு சிரித்துவிட்டார். அப்புறம் ஏலக்காய் வாசம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றும் போனது.

ஈஸ்டர் வந்தது. தெருவே மணந்தது. நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மாமியார் முகத்தைப் பார்த்தோம். அவர் பேசிக்கொள்வோம் என்று சொன்ன நாள் இதுதானே. அவர் ஜெபம் பண்ணிவிட்டு அவியலை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பிரியாணித் தூக்குச்சட்டியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

அங்கேதான் தப்புப் பண்ணினோம். ஈஸ்டர் அன்று கறி வாசம் வராத வீடு, வந்த பிரியாணியையும் திருப்பியது என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வாரமே போதகர் வீடு தேடி வந்துவிட்டார். போதகரை ஐயர் என்று கூப்பிடுவது எங்கள் சபை வழக்கம். ஐயர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், என் மகளின் படிப்பை விசாரித்தார். கடைசியில் தொண்டையைக் கனைத்தார். "ஈஸ்டர் கொண்டாடாத வேற எதுவும் சபைக்குப் போறீயளோ? ஜனங்க ஒரு மாதிரி பேசுதாங்க."

"எங்க சம்பந்தி வரப்போறாரு ஐயரே. அதுக்குத்தான்" என்றார் மாமியார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் அப்பாவை அவர் அவ்வளவு உரிமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐயருக்கு மனசு லேசாகிவிட்டது. இருந்து சாப்பிட்டுவிட்டே போனார். சொதியை மூன்று தடவை வாங்கினார்.

நாங்கள் போய்க் கூப்பிட்டதும் அப்பா ஒரே ஒரு பையோடு வந்தார். மாமியார் வாசலிலேயே சொல்லிவிட்டார். "சுத்த சைவம் சம்பந்தி. வேணும்னா ஃபிரிட்ஜையும் தொறந்து பாத்துக்கிடுங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இலை போட்டேன். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். என் அப்பா என் வீட்டில் சாப்பிடுகிறார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தச் சித்திரை மாதம் இப்போதும் எனக்குக் கனவில் நடந்ததுபோலத்தான் இருக்கிறது. காலையில் அப்பா பஸ் ஏறிக் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு வந்து சேருவார். வீடு முழுக்க ஆற்றுத் தண்ணீர் மணக்கும். மத்தியானம் அவரும் மாமியாரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவின் சட்டைத் தோள் மெல்ல நிரம்பிவந்தது. ஆனால் அந்தப் பையை அவர் பிரித்து வைக்கவில்லை. துணி எடுப்பார், மறுபடி அதிலேயே மடித்து வைப்பார். எந்த நிமிஷமும் கிளம்பிவிடுவாரோ என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் மகள் கொல்லையில் துணி எடுக்கப் போனாள். பக்கத்து வீட்டில் கறி கொதிக்கிறது. அவள் கையில் துணியோடு காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கண்ணை மூடி நின்றாள். கொஞ்ச நேரம்தான். நான் அதைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவும் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது அப்பா வாசல் கேட்டருகே நின்றிருந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. வலது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்திருந்தார். அதில் ஒரு கறுப்புப் பாலிதீன் கவர்.

"இந்தா பிள்ள" என்று பேத்தியிடம் நீட்டினார். "கறி. நல்ல கறிதான்னு சொன்னான்."

மகள்தான் பிரித்துப் பார்த்தாள். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குக் கால் கிலோ வாங்கியிருந்தார், கத்தரிக்காய் வாங்குகிற கணக்கில்.

"எப்படிக் கேட்டீங்க தாத்தா?"

"இளசாப் பாத்துக் கால் கிலோ போடுங்கன்னேன். அவன் என் நெத்தியப் பாத்தான். 'அண்ணாச்சி, கடை மாறி வந்துட்டீயளா'ன்னு கேட்டான். பேத்திக்குன்னு சொன்னேன். கொசுறாக் கொஞ்சம் கறிவேப்பிலை தருவானான்னு நின்னு பாத்தேன். தரல."

மகள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கறியைச் சமைக்க எங்களிடம் சட்டிகூட இல்லை. மாமியாரே கவரை வாங்கிச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அப்பா விடவில்லை, பேத்தி போய்ச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நின்றார். அவள் அங்கே போய் இரண்டு துண்டு தின்றுவிட்டு வந்து, "முன்ன மாதிரி ருசி இல்ல தாத்தா, இனி வேண்டாம்" என்றாள். தாத்தாவுக்காகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எதுக்குப்பா இதெல்லாம்? நாங்க யாரும் குறையாச் சொன்னோமா?"

"நீங்க சொல்லல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அம்மை கடைசியாப் படுத்துக் கெடந்தப்ப கேட்டா. ஒரு நாள் மக வீட்டுல போய் உக்காந்து, அவ கையால ஒரு வாய் சாப்பிட்டுட்டு வருவமான்னு கேட்டா. நாந்தான், கறி வேவுத வீட்டுலயான்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அம்மா என் கையால் சாப்பிட ஆசைப்பட்டாள் என்பதை இத்தனை மாதம் கழித்து, இந்த அடுப்பின் முன்னால் நின்றா கேட்க வேண்டும்? அவர் முகத்தைப் பார்த்தேன். உலுக்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அவர் அழவும் இல்லை. ஆச்சரியப்பட்டவரைப்போல நின்றிருந்தார்.

"இன்னைக்கு அந்தக் கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னேம்மா" என்றார். "ஒண்ணுமே ஆகல. அவ கேட்டப்ப இம்புட்டு லேசுன்னு தெரியாமப் போச்சே."