லட்சுமிக்கு மூன்று குடம்

எங்கள் ஊரில் தண்ணீருக்கு நோட்டுப் போட்ட கோடையில் எனக்கு ஒன்பது வயது.

ஆண்டிபட்டியிலிருந்து மயிலாடும்பாறை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா என்றால் வைகை அணைதான். பஸ்ஸில் ஏழெட்டுப் பாட்டு முடிவதற்குள் வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் அணை இருந்தும் அங்கிருந்து எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆற்று மணலுக்குள் இறக்கியிருந்த உறைகிணற்றிலிருந்துதான் எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். இரண்டு வருடமாக மழை ஏமாற்றியதில் ஆறு மணலாகவே கிடந்தது. கால் மணி நேரம் ஓடினால் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும்.

லாரித் தண்ணீர் வந்தது. மல்லிகைப்பூ விலை மாதிரி அதன் விலையும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஏறியது. முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் தெருக்குழாயடியில் சண்டை போட்டார்கள். ஒருநாள் சண்டையில் ஒரு பெண்ணுக்கு மண்டை உடைந்து நாலு தையல் போட்ட பிறகு, ஊர் கூடித் தெருக்குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டது. இனி ஒன்று விட்டு ஒரு நாள் காலையில், தொட்டியடியில் மட்டும்தான் தண்ணீர். ஆளுக்கு இரண்டு குடம். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஒரு குடம் கூடுதல். வீட்டுக்கு எத்தனை ஆள் என்று நோட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் பிடிக்க விட வேண்டும்.

நோட்டை யாரிடம் கொடுப்பது என்பதிலும் ஒரு சண்டை வரப் பார்த்தது. கடைசியில் அது அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா யார் முகத்துக்காகவும் வளைந்துகொடுக்க மாட்டாள் என்று ஊரில் பேர். அது புகழ்ச்சியா புகாரா என்பதைச் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவின் கையெழுத்து அம்மாவுக்கே சில சமயம் பிடிபடாது. எனக்கோ பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசே கொடுத்திருந்தார்கள். ஆகவே வீடு வீடாக அம்மா கேட்டுக்கொண்டு போக, நோட்டும் பேனாவுமாக நான் பின்னால் போனேன். பெயர், வயது என்று இரண்டு கட்டம் போட்டிருந்தேன். ஊரே என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

எங்கள் தெருவில் கடைசி வீடு அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா இறந்துபோய், மகனும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு அந்த வீட்டில் இருந்தது அத்தையும் ஒரு பசுவும்தான். பால் ஊற்றித்தான் அத்தையின் பிழைப்பு. அவளுக்கும் அம்மாவுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. ஒருத்தி வைத்த குழம்பை இன்னொருத்தி ருசி பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு…” என்று இழுப்பாள்.

அத்தை வீட்டுக்கு முந்தின வீட்டிலேயே யாரோ அம்மாவை வழிமறித்துத் தங்கள் வீட்டு ஆள் கணக்குக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள். “அத்தை வீட்ட நீயே எழுதிட்டு வா. ஒத்த ஆளுதான” என்று அம்மா என்னை அனுப்பிவிட்டாள்.

அத்தை கொட்டடியில் நின்று பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்ல செவலை நிறம். ஊருக்கெல்லாம் அது செவலைதான். லட்சுமி என்று கூப்பிடுவது அத்தையும் நானும் மட்டும்.

“என்ன மருமகளே, எத்தன ஆளுன்னு எழுதப் போற?”

“ஒண்ணு, அத்தை.”

“ஏன், லட்சுமிய விட்டுட்டே?”

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

“அது மாடுல்ல?”

“நோட்டுல மாட்டுக்கு ஒரு கட்டம், மனுசருக்கு ஒரு கட்டம்னு போட்டிருக்கியா? பேருன்னுதான போட்டிருக்க.”

பார்த்தேன். அத்தை சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தக் கட்டத்தைப் போட்டவளே நான்தான்.

“மாட்டு ஏவாரி ரெண்டு தடவ வந்து பல்லப் புடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டான் ஆத்தா. தண்ணி காட்ட முடியலன்னா அடுத்த சந்தைக்கு வேன்ல ஏத்திர வேண்டியதுதான். கேரளாவுக்கு அடிமாடு போற வேனு. வயித்துல கன்னோட.” அத்தை பசுவின் வயிற்றில் கை வைத்தாள். “ரெண்டு குடத்துல நான் குடிக்கவா, அது குடிக்கவா?”

அந்த வேனை நானும் பார்த்திருக்கிறேன். நோட்டைத் திண்டில் வைத்துக்கொண்டு லட்சுமி என்று எழுதினேன். வயது இருபத்துநான்கு என்று போடச் சொன்னாள். உண்மையில் அது ஐந்து. பக்கத்தில் நிறைமாதம் என்று எழுதச் சொன்னாள். “அதுல பொய்யே இல்ல” என்றாள்.

முதல் நாள் தொட்டியடியில் அம்மா அந்தப் பெயரில் விரலை வைத்துக்கொண்டு, “இது யாரு மதினி?” என்று கேட்டாள்.

“தேவதானப்பட்டியில இருந்து என் கொழுந்தன் மக வந்திருக்கா. வெயில்ல வெளிய வர முடியல.”

அம்மா தலையை ஆட்டி டிக் போட்டாள். நூறு குடம் பின்னால் வரிசையில் நின்றது. தவிர, நாத்தனார் வீட்டு விருந்தாளியைத் துருவிக் கேட்டால் அது தனிக் கதையாக வளரும் என்று அவளுக்குத் தெரியும். அத்தை ஐந்து குடம் பிடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முதல் மூன்று முறை எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. லட்சுமி வாளிக்குள் முகத்தை விட்டு உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்கவே அத்தை வீட்டுக்கு ஓடுவேன். நான்காவது முறை வரிசையில் கடைசி மூன்று வீடு மிச்சமிருக்கும்போதே குழாய் இருமிவிட்டு நின்றுபோயிற்று. கடைசியில் நின்றவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவள் யாரையும் திட்டவில்லை. காலிக் குடத்தைத் தலைகீழாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அவளுக்குச் சேர வேண்டியது மூன்று குடம் என்று எனக்குத் தெரியும். நானே எழுதியது.

அதற்கு அடுத்த முறை அம்மா கடைசி வீடுகளிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை வேறு இரண்டு வீட்டுக்குக் கிடைக்கவில்லை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஸ்கூட்டியில் நர்சம்மா வந்தாள். துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ். வெயில் கடுமையாக இருந்ததால் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் பார்த்து உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து வந்தாள். பெயர்களைச் சரிபார்க்க அம்மாவிடம் நோட்டை வாங்கியவள், ஓர் இடத்தில் நின்றாள்.

“லட்சுமி, இருபத்துநாலு, நிறைமாசம். என் ரிஜிஸ்டர்ல இப்படி ஒரு பேரே இல்லையே?”

“எங்க மதினி வீட்டுக்கு வந்திருக்கிற பொண்ணு நர்சம்மா. ஏ பாப்பா, கூட்டிட்டுப் போயிக் காட்டு.”

எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் பதினோரு வீடு. அந்தப் பதினோரு வீட்டைக் கடந்த நடை மாதிரி நீளமான நடையை நான் அப்புறம் நடந்ததே இல்லை.

அத்தை வாசலில் மாட்டுக்குச் சோள நாத்து அரிந்துகொண்டிருந்தாள்.

“லட்சுமி எங்கம்மா?”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டியைப் பார்த்தேன்.

“உள்ள படுத்திருக்கு.”

“நேரத்துக்குச் சாப்பிடுதா?”

“எங்க… நாலஞ்சு நாளா ஒழுங்காத் திங்கல.”

“கால் வீங்கியிருக்கா?”

“லேசா இருக்கு.”

“எத்தனாவது பிரசவம்?”

“ரெண்டாவது.”

நர்சம்மா திண்டில் உட்கார்ந்து, கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே போனாள். கேள்விகளும் பதில்களும் அவ்வளவு நன்றாகப் பொருந்திப் போனதில், எந்த லட்சுமியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அத்தை மறந்துவிட்டாள்.

“மொதப் புள்ள எங்க?”

“அத அப்பவே வித்தாச்சு.”

பேனா நின்றது. “என்னது?”

“ஆமா, ஆணாப் போச்சு. அத வச்சு என்ன செய்ய?”

நர்சம்மா எழுந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். “நீங்க இங்கனயே இருக்கணும். போலீஸ்ல சொல்லாம நான் இந்த இடத்த விட்டுப் போகமாட்டேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “லட்சுமி மாடு! லட்சுமி மாடு நர்சம்மா!” என்று கத்திவிட்டேன். கத்தியதோடு அழுகையும் வந்தது. அதே நேரம் கொட்டடியிலிருந்து லட்சுமி “அம்மா” என்று ஒரு குரல் கொடுத்தது.

நர்சம்மா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அப்புறம் மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு பசுவின் விலா எலும்புகளைப் பார்த்தாள். ஈரம் மட்டும் மிச்சமிருந்த தொட்டிக்குள் பார்த்தாள்.

“நான் போயிச் சொன்னா அது கம்ப்ளைண்ட் ஆயிரும்” என்றாள். “நீங்களே சொல்லிருங்க. இன்னிக்குள்ள.”

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் போய்ச் சொன்னேன். அம்மா உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு உலக்கையைச் சாய்த்து வைத்தாள்.

“எத்தன தடவ புடிச்சிருக்காக?”

“அஞ்சு.”

“பதினஞ்சு குடம்” என்றாள் அம்மா. உலக்கையை எடுத்து மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். முதுகில் நாலு வைத்திருந்தால்கூட எனக்குத் தேவலை போலிருந்தது.

அன்று சாயங்காலமே தொட்டியடியில் ஊரைக் கூட்டச் சொன்னாள். எல்லோருக்கும் முன்னால் நோட்டைச் சிமெண்டு மேடையில் வைத்தாள்.

“இதுல லட்சுமின்னு ஒரு மாட்டுப் பேரு இருக்கு. எழுதுனது என் மக. சரிபாக்காம டிக் போட்டது நானு. போன தடவையும் அதுக்கு முந்துன தடவையும் தண்ணி கெடைக்காதவுக எங்களத்தான் கேக்கணும். நோட்ட வேற ஆளுட்ட குடுத்துருங்க.”

அத்தை பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“எழுதச் சொன்னது நானு. புள்ளைக்கு என்ன தெரியும்? எனக்கு ரெண்டு நட தண்ணி குடுக்க வேணாம். அவுக ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்லாதீக.”

யாரோ ஒருவர், “லட்சுமிக்கு ஓட்டுச் சீட்டு வந்துருச்சா?” என்று கேட்டார். ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பியது. அது பரவிக்கொண்டிருக்கும்போதே கிழக்குத் தெருக்காரி ஒருத்தி எழுந்து, “எங்க வீட்லயும் ஒரு பேரு கூட இருக்கு. ஆட்டுக்குட்டிகளுக்காக” என்றாள். பிறகு இன்னொருவர், மெட்ராஸில் இருக்கிற தம்பியின் பெயரில் உழவுமாட்டுக்குப் பிடித்ததைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆறு பெயர். அம்மா நோட்டைத் திறந்து ஆறையும் அடித்தாள்.

கைக்குழந்தைக்காரிதான் கடைசியில் வாய் திறந்தாள். “மனுசருக்குள்ளத அடிச்சுச் சரி பண்ணிட்டீக. வாயில்லாச் சீவனுக்கு என்ன வழி?”

ஊருக்கு மேற்கே தென்னந்தோப்பு வைத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். “என் போர்ல வர்ற தண்ணி உப்பு. மனுசர் வாயில வைக்க முடியாது. ஆனா என் மாடுக அதத்தான் குடிக்குதுக. கரண்டு வர்ற நேரத்துல அரை மணி நேரம் வெளிய தெறந்து விடுறேன். தொட்டி மட்டும் ஊர் கட்டிக்கட்டும்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று அத்தை கேட்டாள்.

“எவரும் வந்து கேக்கலயே.”

அவ்வளவுதான். இத்தனை நாள் ஊர் மாடுகள் வேனேறுவதா வேண்டாமா என்று தவித்ததற்கு நடுவில் இருந்தது ஒரு முள்வேலியும் ஒரு கேள்வியும்தான். நோட்டை யாரும் கையில் வாங்கவில்லை. “ஒங்க மக எழுதுனதையும் நீங்க டிக் போட்டதையுமே ஒத்துக்கிட்டீக. ஒங்கள விட்டா யாருட்ட குடுக்கிறது?” என்றார் தோப்புக்காரர். அம்மா நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அத்தை கேட்ட தண்டனையை ஊர் பாதியாக்கியது. ஒரு முறை அவளுக்குத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாளே தோப்பு வேலிக்கு வெளியே சிமெண்டு உறை இறக்கித் தொட்டியாக்கிவிட்டார்கள். லட்சுமி முதல் நாள் அதில் தலையை விட்டவள், மூச்சு வாங்கத்தான் எடுத்தாள். வயிறு இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு வந்தது. ஏவாரி மறுபடி வந்தபோது அத்தை கொட்டடிப் பக்கமே அவனை விடவில்லை. தொட்டியடியில் அதற்கப்புறம் எந்த வீடும் காலிக் குடத்தோடு திரும்பவில்லை.

ஆனால் அத்தையும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. தொட்டியடியில்கூட அத்தை குடத்தை வைப்பாள், அம்மா டிக் போடுவாள். நான் செய்த காரியத்தால் இரண்டு வீடும் பிரிந்துவிட்டது என்று பயந்துபோயிருந்தேன். யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டால் தேவலை என்று தினமும் காத்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அத்தை ஒரு பெரிய தூக்குவாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா வெளியே வந்து வாளியைத் திறந்தாள். மஞ்சளாக, கெட்டியாகச் சீம்பால். கன்று போட்டால் அக்கம்பக்கத்துக்கு ஒரு டம்ளர் கொடுப்பார்கள். இது ஒரு வாளி நிறைய.

“பொட்டக் கன்னா?” என்றாள் அம்மா.

“கெடேரிதான்.”

“தாய் நல்லா இருக்கா?”

“இருக்கா. எந்திரிச்சு நின்னு நக்கிக் குடுக்கா.”

அம்மா வாளியை உள்ளே கொண்டுபோனாள். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து, முதல் துண்டைத் தட்டில் வைத்து அத்தையிடம் கொடுத்தாள். அத்தை ஒரு வாய் தின்றாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். இழுக்கவில்லை.

நான் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மன்னிப்பு எப்போது வரும் என்று கதவோரம் நின்றிருந்தேன். வெகுநேரம் நின்றும் யாரும் கேட்கவில்லை. இன்னும் சண்டை தீரவில்லை போலிருக்கிறது என்று வருத்தத்தோடு பள்ளிக்கூடம் கிளம்பினேன்.