கண்ணாடி வைத்த அலமாரி

என் கணவரின் அண்ணன் மனைவிக்குப் பாயா ரும்புட் ஊரில் மாடி வீடு. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கார் இருக்கட்டும், தரைக்கு மார்பிள் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நேரில் பேசும்போது அக்கா, வாங்க, உட்காருங்க என்பேன். மனசுக்குள் எப்போதும் அவள், இவள்தான்.

அலமாரி முழுக்க ஆங்கிலக் கலைக்களஞ்சியம். டை கட்டிக்கொண்டு வந்த விற்பனைக்காரன் ஒருவன் பிள்ளைகள் படிப்புக்கு என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டுப் போனது. எல்லாம் ஒரே உயரம், ஒரே பழுப்பு நிறம், முதுகில் தங்க எழுத்து. சிலவற்றின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக்கைக்கூட அவள் பிரிக்கவில்லை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். "அடேயப்பா, படிக்கிற வீடு!" என்பார்கள். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படிக்கிற வீடு எது? பத்து பெரண்டாம் என்கிற ஊரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் புத்தகம், ஐஸ் பெட்டி மேல் புத்தகம், சாமி மேடைக்குக் கீழே புத்தகம். மைலோ பெட்டி, பால் டின் பெட்டி, நான் வேலை செய்த எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேண்டாம் என்று போட்ட பெட்டி, எதைத் திறந்தாலும் புத்தகம். எஸ்டேட்டில் இருந்த காலத்தில் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்தவை பாதி. ஓவர்டைம் காசில் டவுனில் வாங்கியவை மீதி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் படித்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். ஆனால் என் வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வாசலில் இருந்தே கூப்பிட்டார். "தங்கச்சி, சூராட் காபார் லாமா லோரி வருது, நிப்பாட்டவா?" பழைய பேப்பர் வாங்குகிற லாரி. என் புத்தகங்களுக்கு ஊரில் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஆறுதல் இருந்தது. அவளிடம் கண்ணாடி இருக்கிறது, ஆனால் அவள் படிக்கமாட்டாள். கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறவள். பாயா ரும்புட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் இதை நினைத்து மனதை ஆற்றிக்கொள்வேன். அலமாரி அவளுக்கு, படிப்பு எனக்கு.

மழைக்காலத்தில் கூரை ஒழுகி ஒரு பெட்டி நனைந்தது. இன்னொன்றில் கரையான் ஏறியது. என் கணவர் ஹார்ட்வேர் கடைக்கு லாரி ஓட்டுகிறவர். தானாகச் சத்தம் போடமாட்டார், ஆனால் சொன்னால் செய்துவிடுவார். கரையானைப் பார்த்த அன்று சொல்லிவிட்டார்.

"தீபாவளிக்குள்ள இந்தப் பெட்டிங்களுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டி நானே பேப்பர் லாமா லோரியில ஏத்தி விட்ருவேன்."

"ஏத்துவீங்க, ஏத்துவீங்க. அதோட என்னையும் ஏத்தி விடுங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளே பயம்தான். எங்கள் கல்யாண ஆல்பம் வந்த அழகான டப்பாவை இடத்தை அடைக்கிறது என்று ஏற்கெனவே அந்த லாரியில் போட்ட மனிதர் அவர்.

அதன் பிறகு லீவு நாளெல்லாம் அலமாரி தேடி அலைந்தேன். டவுன் ஃபர்னிச்சர் கடையில் அவள் வீட்டில் இருந்ததைப் போலவே ஒன்று நின்றது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தூசு தட்ட வந்தவளைப் போல மெதுவாக நகர்ந்துவிட்டேன். பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் பிளாஸ்டிக் அடுக்குத் தட்டு வாங்கினேன். இரண்டு வரிசை அடுக்கியதும் நடுவில் தொங்கிவிட்டது. பழைய சாமான் கடையில் இரும்புத் தட்டு மலிவாகக் கிடைத்தது. "மளிகைக் கடை வைக்கப் போறியா?" என்று என் கணவர் கேட்டதும் எனக்கும் அப்படியே தோன்ற, விட்டுவிட்டேன். செங்கல் அடுக்கிப் பலகை போட்டேன். மூன்றாவது தட்டு என் கால் விரலில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு எந்தத் தட்டும் பிடிக்கவில்லை. அவளிடம் இருந்ததைப் போலத்தான் வேண்டும். தீபாவளிக்கு அவள் என் வீட்டுக்குள் நுழைய வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் என் புத்தகங்களைப் பார்க்க வேண்டும், அவளுக்கும் கொஞ்சம் எரிய வேண்டும்.

ரெம்பியா பக்கம் ஒரு மலாய்க்காரத் தச்சர் மலிவாகச் செய்து தருவார் என்று என் கணவரே ஒருநாள் சொன்னார். சாமான் இறக்கப் போகும் வழிதான், லாரியிலேயே ஏற்றி வந்துவிடலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அவர் கிளம்பும்போது வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன்.

"கண்ணாடி வெச்ச அலமாரி. நல்லா உயரமா. மறந்துடாதீங்க, கண்ணாடி."

"எத்தனை தடவைதான் சொல்லுவ? கண்ணாடி அலமாரி. அவ்வளவுதானே?"

தீபாவளிக்கு முந்திய வாரம் அது வந்து இறங்கியது. பழைய போர்வையால் சுற்றியிருந்தார்கள். நானே ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். போர்வை விழுந்ததும் எதிரே ஒரு பொம்பளை வேர்வையும் விரிந்த தலையுமாக என்னையே முறைத்துப் பார்த்தாள். நான்தான்.

இரண்டு மரக் கதவு. இரண்டிலும் தலை முதல் கால் வரை முகம் பார்க்கிற கண்ணாடி. உள்ளே சட்டை மாட்டுகிற கம்பி. பூட்டு, சாவி.

"என்னங்க இது?"

"நீ கேட்ட அலமாரி."

"இது துணி வைக்கிறது!"

"நீ கண்ணாடி அலமாரின்னுதானே சொன்ன? நான் அந்தத் தச்சர் பாச்சிக்கிட்ட மலாய்ல அல்மாரி செர்மின்னு சொன்னேன். கண்ணாடின்னா செர்மின்தானே?"

"அது முகம் பாக்கிற கண்ணாடி! உங்க அண்ணி வீட்டுல இருக்கிற, உள்ள தெரியிற கண்ணாடிக்கு காச்சான்னு சொல்லணும், காச்சா!"

"ரெண்டுக்கும் தமிழ்ல கண்ணாடிதான்லா. நான் எதைக் கண்டேன்? பாச்சி பாவம், ஒய்ஃப் கேட்டாங்கன்னு பெரிய கண்ணாடியா பாத்துப் போட்டுக் குடுத்தாரு."

அடக் கடவுளே! அலமாரி என்றால் மலாய்க்காரர்களுக்கும் அல்மாரி, அதில் பிழை இல்லை. கண்ணாடி என்கிற ஒரு வார்த்தைதான் என் காலை வாரிவிட்டது. சொல்லிச் செய்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அழுகை வந்தது. அழவும் முடியவில்லை, எதிரே அந்தப் பொம்பளையும் சேர்ந்து மூஞ்சியைச் சுளித்தாள். என் கணவர் கம்பியைக் கழற்றிவிட்டுக் குறுக்கே பலகை அடித்துக் கொடுத்தார். எல்லாப் புத்தகமும் உள்ளே போனது. பெட்டிகள் ஒழிந்தன, பேப்பர் லாரி பயமும் ஒழிந்தது. ஆனால் கதவைச் சாத்தினால் ஒரு புத்தகமும் வெளியே தெரியவில்லை.

தீபாவளியன்று வந்தவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று புடவை மடிப்பைச் சரி செய்தார்கள், பூவைத் திருத்தினார்கள், உதட்டுச் சாயம் பார்த்தார்கள். அவளும் வந்தாள். நின்று, திரும்பி, முதுகுப்பக்கம் பார்த்தாள்.

"நல்ல கண்ணாடிமா. ஆனா புடவை அலமாரிய ஏன் ஹால்ல வெச்சிருக்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "புடவை இல்லைக்கா" என்று இரண்டு கதவையும் பட்டென்று திறந்துவிட்டேன். அவள் தட்டுத் தட்டாகக் கண்ணை ஓட்டினாள். பிறகு ஒன்றை உருவினாள். நான் எஸ்டேட்டில் தைத்த பழைய தொடர்கதை. அப்படியே தரையில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். தட்டில் வைத்த முறுக்கு அப்படியே இருந்தது. படம் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது கேட்டாள்.

"இத எடுத்துட்டுப் போகட்டா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்கக்கா." படிக்கவா போகிறாள் என்கிற தைரியம்தான்.

அதற்குப் பிறகு அவள் வந்தபோதெல்லாம் நேரே அலமாரிக்குத்தான் போனாள். ஒன்று, சில சமயம் இரண்டு. திரும்பி ஒன்றும் வரவில்லை. எங்கே போட்டு வைத்திருக்கிறாளோ, டீ கிளாஸை மேலே வைக்கிறாளோ என்று எனக்குள் கிடந்து பொருமினேன். கேட்கவும் செய்யவில்லை. அவள் படிக்காமல் திருப்பித் தரும் நாளுக்காகத்தான் காத்திருந்தேன். "படிச்சிட்டீங்களாக்கா? எப்படி இருந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன், அந்தக் கண்ணாடி முன்னால்.

பொங்கலுக்கு அவள் வீட்டில் மதியச் சாப்பாடு. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி அலமாரியில் நடுத் தட்டு முழுக்க என் புத்தகங்கள். கலைக்களஞ்சியத்தை மேலும் கீழும் ஒதுக்கிவிட்டு, கிழிந்த அட்டைக்கெல்லாம் காலண்டர் தாளில் உறை போட்டு, உயரம் பார்த்து அடுக்கியிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவை எவ்வளவு அழகாக இருந்தன! என் வீட்டில் இருந்தவரைக்கும் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் போல இருந்தது.

பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழ்ப் புத்தகம்லாம்கூட வெச்சிருக்கீங்களே! யார் படிக்கிறது?"

நான் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லட்டும், சொல்லட்டும் என்று பார்த்தேன்.

"நாந்தான் டீச்சர். என் கொழுந்தன் பொண்டாட்டி வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தது. வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சதும் படிக்கிறேன்."

டீச்சர் அந்தத் தைத்த தொடர்கதையைக் காட்டி அது என்ன கதை என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் அத்தியாயத்திலிருந்து, ஒன்றும் விடாமல். கடைசியில் அந்தக் கதையில் வருகிற பெண் புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போவாள். பயந்துகொண்டுதான் போகிறாள் என்று நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"பயம் இல்ல டீச்சர். அந்த வீட்டைக் கட்ட அவதான் மண்ணு சுமந்தா. நடுவுல ஒரு இடத்துல வருது. அதான், வீட்டை விட மனசில்ல."

மண் சுமந்த இடம் எனக்கு நினைவிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அவள் சொன்னதுதான் சரி.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது என் கணவர் தலையைத் திருப்பாமலேயே கேட்டார்.

"எல்லாம் உன் புக்குதானே? கையோட கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"

சும்மா அடுக்கி வைத்திருந்தால் நாலு பேர் முன்னால் கேட்டு வாங்கியிருப்பேன். படித்துவிட்டாளே, இனி என்னவென்று கேட்பது?