காலிப் போத்தல்

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற வருடம் நான் காஜா பெராங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இயற்கைப் பாடத்துக்கென்று மதராஸில் அச்சான புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். முதல் பாடத்தில் பாலைவனமும் ஒட்டகமும், அடுத்ததில் பனிமலையும் கரடியும். ஒட்டகம் திமிலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது என்று பிள்ளைகள் ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். அவர்கள் ஒட்டகத்தைக் கண்டதில்லை. சொல்லிக் கொடுத்த நான் மட்டும் என்ன கண்டேன்?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொண்டையும் மூக்குக்கண்ணாடியும்தான் என்னைப் பெரியவளாகக் காட்டின. தெரிந்ததைவிடத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டது அதிகம். ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பள்ளிக்குப் பின்னால் இருந்த குட்டைக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனேன். என்றோ செங்கல்லுக்கு மண் வெட்டிய பள்ளம் அது. கரையோரம் கங்கோங் கீரை, நடுவில் ஆகாயத்தாமரை, தண்ணீரில் சின்னச் சின்ன லொங்காங் மீன்கள், தலைப்பிரட்டை, தும்பி. காலை வேளையில் வேலிக்கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். ஒட்டகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத பிள்ளைகள் இங்கே கேட்ட கேள்விகளுக்கு எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

வகுப்புக்குத் திரும்பி ஒரு பெரிய அட்டையில் அந்தக் குட்டையை வரைந்தோம். யார் யாரைத் தின்கிறார்களோ, தின்பவரிடமிருந்து தின்னப்படுபவருக்கு ஓர் அம்புக்குறி. மீன்கொத்தியிடமிருந்து மீனுக்கு, மீனிடமிருந்து கொசுப்புழுவுக்கு, புழுவிடமிருந்து பாசிக்கு. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இல்லை என்று நான் சொன்னபோது முப்பத்து நான்கு தலைகளும் ஆடின. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அதே பெருமையில்தான் அடுத்த வேலையையும் செய்தேன். ஆளுக்கொரு மிட்டாய்ப் போத்தல் கொண்டு வரச் சொன்னேன். குட்டையில் மீன் பிடித்துப் போத்தலில் விட்டு, ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி, அது எப்படி வாழ்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும். நான்கு மீனுக்கு மேல் பிடித்தவர்களுக்கு நோட்டில் நட்சத்திரம். பிறகு கேட்க வேண்டுமா? பாவாடையால் அள்ளினார்கள், தகர டப்பாவால் அள்ளினார்கள், ஒருவன் சட்டையையே கழற்றி வலையாக வீசினான்.

ஒரு சிறுமி மட்டும் கரையில் நின்றாள். ஒல்லியாக, எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். என் பக்கம் வந்து புடவையைத் தொட்டு, "டீச்சர், எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் இரண்டு பேர் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். அப்புறம் சொல்லலாம் என்று அவளை ஒதுக்கிவிட்டு ஓடினேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அவள் காலிப் போத்தலோடு வகுப்புக்குத் திரும்பினாள். சேற்றில் கால் வைக்கக் கூச்சப்படுகிறாள் போலும் என்று நினைத்தேன். நட்சத்திரம் போடவில்லை.

இரண்டு வாரம் போனது. நான் அறை வாடகைக்கு இருந்தது பக்கத்தில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய ஒரு செட்டிக் குடும்பத்தின் வீட்டில். அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். ஒரு சாயங்காலம் கொசு எந்த வருடமும் இல்லாத அளவுக்குக் கடிக்கிறது என்று காலைச் சொறிந்துகொண்டே சொன்னார். மழைக்காலம் அல்லவா என்று நானும் சொறிந்துகொண்டே பதில் சொன்னேன். இயற்கைப் பாடம் நடத்துகிறவள் நான்!

மறுநாள் காலை வகுப்பு நடக்கும்போது ஒரு பையன் வெளியே பார்த்துக் கத்தினான். முனிசிபாலிட்டி ஆள் ஒருவர், முதுகில் தகர டப்பாவும் கையில் குழாயுமாக, எங்கள் குட்டையில் கொசுப்புழுவைக் கொல்லும் எண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் முழுக்க எண்ணெய்ப் படலம் மின்னியது. கொஞ்ச நேரத்தில் தலைப்பிரட்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில்தான் எப்போதும் இருக்கும். பிள்ளைகள் முன்னால் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி பேசினேன். படிக்காதவர்கள் கையில் விஷத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றுகூடச் சொன்னேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். என் பின்னால் நின்ற பிள்ளைகளில் யாரையோ ஒரு முறை பார்த்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிற்பகல் பிள்ளைகள் அட்டையின் மூலையில் கறுப்பாக ஒரு ஆளை வரைந்து, அவனிடமிருந்து எல்லாவற்றுக்கும் அம்பு போட்டார்கள். நான் தடுக்கவில்லை.

மறுநாள் இரட்டைச் சடைக்காரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துப் பெஞ்சுப் பெண் சர்வ சாதாரணமாகச் சொன்னாள், அந்த எண்ணெய்க்காரர் அவளுடைய அப்பாதான் என்று. வீட்டுக்குப் போகும் வழியில் பையன்கள் அவளைக் கொலைகாரன் மகள் என்று கூப்பிட்டார்களாம். சாக்கட்டியைக் கீழே வைத்தேன். அன்று மீதி நேரம் என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பாரு போகும் பாதையில் இருந்த முனிசிபல் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். அவர் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

மகளை வேறு பள்ளியில் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அங்கே அனுப்பினால் பிள்ளை தலை நிமிர்ந்து உட்காராது என்றார். பிறகு, குறை சொல்கிற மாதிரியே இல்லாமல், தெரிந்துகொள்ளட்டும் என்பதுபோலச் சொன்னார்.

"மீனு இருக்கிற தண்ணியில நான் எண்ண ஊத்தறதில்ல டீச்சரம்மா. புழுவ அதுங்களே தின்னுடும். அந்தக் குட்டையில ஆறு வருசமா ஒரு சொட்டு ஊத்தினதில்ல. அன்னைக்கு அகப்பையப் போட்டு மொண்டு பாத்தா ஒரு மீனக் காணோம், புழுதான் நெளிஞ்சிச்சு. பக்கத்துல பிள்ளைங்க படிக்குதுங்க, காய்ச்சல் வந்துடாதா?"

வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஏனம்மா என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"சொல்ல வந்தேன் டீச்சர். அப்புறம்னீங்க."

திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் மட்டும் அவளை அழைத்து வாருங்கள், நீங்களும் நில்லுங்கள், அதற்குப் பிறகு எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுவிட்டு வந்தேன்.

வந்தார். வேலைக்குப் போகும் கோலத்தில், டப்பாவை வெளியே வைத்துவிட்டு, கதவோரம் நின்றார். அவள் அப்பாவின் விரலை விடவில்லை. குட்டையைக் கெடுத்தது இவர் இல்லை, நான்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மீன் எல்லாவற்றையும் ஜன்னலில் அடுக்க வைத்தது யார், அதன் பிறகு புழுவைத் தின்ன அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். அவரை அவர்கள் முன்னால் திட்டியதால், அவர்கள் முன்னாலேயே அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்து, தப்பாக இருப்பதைத் திருத்தச் சொன்னேன். விரலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மூலையில் இருந்த கறுப்பு ஆளையும் அவனுடைய எல்லா அம்புகளையும் அழித்தாள். மீனுக்குப் பக்கத்திலேயே, டப்பாவோடு, அப்பாவைப் புதிதாக வரைந்து, புழுவை நோக்கி ஓர் அம்பு போட்டாள். எழுந்திருப்பாள் என்று பார்த்தேன். எழவில்லை. மீன்கொத்திக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே கொண்டையும் மூக்குக்கண்ணாடியும் கையில் போத்தலுமாக ஒரு பெண்ணை வரைந்தாள். அந்தப் பெண்ணிடமிருந்து நேராக மீனுக்கு ஓர் அம்பு. பென்சிலை இரண்டு முறை அழுத்தி ஓட்டினாள்.

"சரியா டீச்சர்?"

சரிதான் என்றேன். கதவோரம் முதலில் சிரித்தது அவர்தான். அதற்கப்புறம் எல்லோரும் சிரித்தோம். அவர் டப்பாவை முதுகில் மாட்டினார். அவள் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போனார்.