ஹில்கே எழுதிய மன்னிப்புக் கடிதம்

ஹில்கே உபெனுக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்து சிவக்கும். அந்த ஜூலைச் செவ்வாய்க்கிழமை சுற்றுலா அலுவலகத்துக்குள் நுழைந்தபோது காது வரை சிவந்திருந்தது.

அலுவலகத் தலைவன் ஓக்கோ அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். தேநீரில் கற்கண்டைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான்.

"நாலு வரி போதும் ஹில்கே. வருத்தப்படறேன்னு எழுதிக் கொடு. அந்தாளு இணையத்துல நம்மளைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கான். பிள்ளை முன்னாடி கத்தினியாம், சட்டையப் பிடிச்சு இழுத்தியாம்."

"இழுக்காம? தாலாட்டு பாடணுமா?"

ஹில்கே கடல் ஊருக்குள் வராமல் தடுக்கும் கடலணைக்குப் பின்னால் பிறந்தவள். ஊர்த் தபால் நிலையத்தை மூடியதும் வேலை போனது; நாற்பத்தொரு வயதில் வழிகாட்டித் தேர்வு எழுதினாள். பத்தொன்பது வருடங்களாக உப்புச் சதுப்பில் ஆட்களை நடத்திச் செல்கிறாள். உப்புக் கரிக்கும் உமரிச் செடியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வாள். சேற்றில் காதை வைத்து, உள்ளே சின்ன உயிர்கள் சடசடப்பதைக் கேட்கச் சொல்வாள். பாதையோரம் கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள் என்பதை மூன்று முறை தன்மையாகச் சொல்வாள்.

முந்தின சனிக்கிழமை வைடெமான் என்ற நகரத்துக்காரர் தாண்டினார். ஓடைக்கு அக்கரையில் ஊதாப் பூக்கள் நடுவே ஏழு வயது மகளை நிறுத்திப் படம் எடுக்க ஆசை. ஹில்கே தலைகளை எண்ணி, இரண்டு குறைவதைப் பார்ப்பதற்குள் வற்றியிருந்த கடல் திரும்பிவிட்டது. ஓடை நிறைந்துகொண்டிருந்தது.

"அங்கேயே நில்லுங்க! நான் வர்றேன்!"

அவர் நிற்கவில்லை. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கி, சேறு இளகிய இடத்தில் தொடை வரை புதைந்தார். பிள்ளை வீறிட்டது. ஹில்கே இறங்கிப் பிள்ளையை வாங்கிக் கரையில் நின்றவர்களிடம் கொடுத்தாள். பிறகு அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்தாள். கரையேறிய மனிதர் முதலில் துடைத்துப் பார்த்தது கைபேசியை.

"அறிவிருக்கா உங்களுக்கு? பிள்ளையப் பாருங்க முதல்ல!"

ஓக்கோவுக்கு இதெல்லாம் தெரியும். "என்ன பண்றது, வருஷா வருஷம் வர்ற ஆளு" என்றான்.

"அடுத்த வருஷமும் வரட்டும்னுதான்டா இழுத்தேன்!"

அவன் நீட்டிய தாளைப் பிடுங்கி எழுதினாள்: 'மதிப்பிற்குரிய திரு வைடெமான், பதினொன்று இருபதுக்கு ஓடையில் தண்ணீர் உங்கள் முழங்காலுக்கு இருந்தது. பன்னிரண்டு மணிக்கு உங்கள் மகளை மூழ்கடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. முன்னதாகவே கத்தாததற்கு வருந்துகிறேன்.'

"இதை நான் அனுப்ப மாட்டேன்."

"தெரியும். தபால் தலை குடு."

அவளே தபாலில் சேர்த்தாள். ஆகஸ்ட் மாத வழிகாட்டிகள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மற்ற நான்கு வழிகாட்டிகளில் இரண்டு பேர் தங்கள் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மீதி இருவருக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. அவர்களை அவள் திட்டவில்லை.

மாத நடுவில் ஓக்கோ அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சனிக்கிழமைக்கு இருபத்திரண்டு பேர். இருக்கிற ரெண்டு பேருக்கும் வேற குழு இருக்கு, இவங்களைக் கூட்டிட்டுப் போக ஆளில்ல."

அவள் உள்ளே கூப்பிடவில்லை. "கயிறு தாண்டறவங்களைப் பார்த்து நான் கத்தலாம்னு எழுதிக் குடு."

"ஹில்கே..."

"எழுது."

வாசலில் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் மறுபடி ஆட்களை நடத்திச் செல்ல ஆரம்பித்தாள்.

வைடெமானிடமிருந்து பதில் வரவில்லை. அவர் எழுதியது இன்னும் இணையத்தில் கிடக்கிறது. கீழே அறுபது பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் ஹில்கேவுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.