ஏழாம் அறைக்கு மட்டும் போகாதீர்கள்

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவள் காவல் காப்பது ஏழாம் அறை. அங்கே இருப்பதெல்லாம் கரண்டிகள். மரத்தில், மாட்டுக் கொம்பில், வெள்ளியில் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு. வீட்டில் பிடிக்கிற கரண்டி போதாதா என்று அவள் கணவர் கேட்டுக் கேட்டு, அந்தக் கேலியே நைந்து போய்விட்டது.

அவளுக்கோ அந்த அறையை விட்டால் வேறு உலகம் கிடையாது. காரணம் கரண்டியல்ல, நாற்காலி. பின்கட்டைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே கை வைத்த மர நாற்காலி, அதில் உட்கார்ந்தால் முழங்காலில் பதமாக விழும் வெயில். பார்வையாளர் உள்ளே இருக்கும்வரை காவலர் உட்காரக் கூடாது என்பது விதி. ஆகவே பார்வையாளரே வராமல் பார்த்துக்கொண்டாள். வழி கேட்டவர்களைத் திமிங்கில எலும்புக்கூட்டுப் பக்கம் திருப்பிவிடுவாள். தப்பி நுழைந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடுவாள். மூன்றாவது பெருமூச்சைத் தாண்டி நின்றவர் யாருமில்லை.

இந்தச் சாமர்த்தியமே கடைசியில் அவள் தலையில் விடிந்தது. மாதம் நானூறு பேர்கூட வராத அறைகள் மூடப்படும் என்று அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. போன மாதம் ஏழாம் அறைக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மூடினால் அவளுக்கு வாசலில் பை சோதிக்கும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அதுவும் அங்கே மேற்பார்வை செய்யும் நாத்தனாருக்குக் கீழே.

“வாங்க அண்ணி. உங்களுக்குன்னு நல்ல இடமா பார்த்து வச்சிருக்கேன். கதவு திறக்கிறப்பல்லாம் காத்து பிச்சுக்கிட்டு வரும்” என்றாள் நாத்தனார், தேன் ஒழுக.

ஒரு மாதம் அவகாசம். முதலில் அவள் யோக்கியமாகத்தான் முயன்றாள். நடைவழியில் நின்று வருந்தி வருந்தி அழைத்தாள். இரண்டு நாளில் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர். மூன்றாம் நாள் கால் கடுத்த எரிச்சலில், வழி கேட்ட ஒரு தம்பதியிடம் ஏழாம் அறைக்கு மட்டும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நேரே ஏழாம் அறைக்குப் போனார்கள்.

பிடி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோரையும் தடுத்தாள்; எல்லோரும் வந்தார்கள். இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், “சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்லீங்க” என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை. காட்சிப் பொருள்களைக் காவலர்கள் விளக்கக் கூடாது என்பதும் விதிதான். ஜனம் குனிந்து குனிந்து பார்த்தது. வளைந்த கைப்பிடி மரக்கரண்டியில் விஷம் இருக்கிறதென்று ஒரு கட்சி. இல்லை, அது திருட்டுச் சொத்து என்று இன்னொரு கட்சி.

வந்தவர்கள் கணக்கு முந்நூற்று எழுபது ஆனபோது காப்பாட்சியர் வந்தார். ஒன்பது வருடம் உட்கார்ந்து இந்தக் கரண்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பெரியவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தக் கரண்டின்னு நீங்களாவது சொல்லுங்க சார்.”

கரண்டியக்கா அவர் வாயையே பார்த்தாள். ஒன்றுமில்லையே என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு வாசலும் நாத்தனாரும்தான். காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“அந்தம்மாவே சொல்லலை. நான் எப்படிச் சொல்றது?”

மாத முடிவில் கணக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அறை பிழைத்தது. நாத்தனார் மூன்று நாள் பேசவில்லை. அது கூடுதல் லாபம்.

புது மாதத்தின் முதல் நாள் காலை கரண்டியக்கா நடைவழியில் நின்று, வாங்க, வாங்க, வெறும் கரண்டிதான் என்று எல்லோரையும் வாய் நிறைய வரவேற்றாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த மாதக் கணக்கைக் கடைசிப் பத்து நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

காப்பாட்சியர் மட்டும் பூனை மாதிரி உள்ளே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. எந்தக் கரண்டி?”

“அனுமதி இல்ல சார்.”

அவர் பெருமூச்சு விட்டு, முதல் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். அவர் பார்வையாளர் இல்லை, ஊழியர். கரண்டியக்கா நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.